குடோன் வாசலில் 99

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம். எனக்கொன்றும் நஷ்டமில்லை. 1986, ஜூலை, ஒரு வியாழக்கிழமை, கொச்சி மட்டாஞ்சேரி. நான் அங்கே இருந்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நானும் சந்தனமாரியும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா கடைசி வருஷம். எங்கள் சிவசங்கரன் சாருக்கு ஒரே பிடிவாதம். "வெங்கிடராமா, லேப் மேஜைல ஓடினாப் போறாது. மூட்டை தூக்கறவா நடக்கற வாசல்ல ஓடட்டும். அப்பத்தான் மார்க்கு."

நாங்கள் செய்தது ஆள் எண்ணும் கருவி. வாசலில் நெஞ்சு உயரத்தில் இரண்டு பல்பு, எதிரே அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் இரண்டு கண். யாராவது உள்ளே போனால் ஒன்று கூடும், வெளியே வந்தால் ஒன்று குறையும். உள்ளே எத்தனை பேர் என்று சிவப்பு எண்ணில் காட்டும். பூஜ்யத்துக்கும் கீழே போனால், பின்னால் சுற்றிய மீட்டர் மாதிரி 99 காட்டும்.

அதை வைக்க ஒரு மிளகு குடோனைத் தேர்ந்தெடுத்தது மாரி. ஏன் என்று நான் கேட்கவில்லை. மடையன்!

மாலை 5.50. சுமைக்காரர்கள் போய்விட்டார்கள். சாவி என்னிடம். நான் உள்ளே போனேன்... 01. வெளியே வந்தேன்... 00. அடி சக்கை!

மாரி போனாள். 01. வந்தாள். 00.

பிறகு... 99.

"என்னடி இது? போனது ஒருத்தி, வந்தது ரெண்டு பேரா?"

அவள் முகம் வெளுத்திருந்தது.

எலியா? நெஞ்சு உயரத்தில் எலி நடக்குமா? டார்ச் அடித்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்தேன். மூட்டைகள்தான். எங்கிருந்தோ பீடி வாடை.

6.20. புரோகிராமில்தான் தப்பு என்று முழுவதையும் அழித்தோம். நான் வாசிக்க வாசிக்க, அவள் ஒவ்வொரு எண்ணாகத் திரும்பத் தட்டினாள். "வெங்கிடி, போன வருஷமே ஒருதடவை ஃபெயிலு. இதுவும் போச்சுன்னா அம்மாகூட கூலிக்கு இஞ்சி பொறுக்கத்தான் போகணும்." அழுதாள்.

6.52. நான் போய் வந்தேன். 00. நின்றது.

அவள் போய் வந்தாள். 00...

99.

எனக்கு வரவில்லை. அவளுக்கு மட்டும். அவள் பின்னால் மட்டும்.

7.00. சாரின் ஸ்கூட்டர் சத்தம். தெய்வமே!

அவசரமாக எண்ணை 00-க்குத் திருப்பினேன். சார் உள்ளே போய் வந்தார். 00. "கொள்ளாம், நன்னாயிருக்கு. மாரி, நீ போ."

அவள் என்னைப் பார்த்தாள். போனாள். 01.

அரை நிமிஷம். ஒரு நிமிஷம். வரவில்லை. உள்ளே அவள் குரல். கெஞ்சுகிற குரல்...

வந்தாள். 00.

நான் மூச்சே விடவில்லை.

00.

00.

சார் கையெழுத்துப் போட்டார்.

7.25. கதவைச் சாத்திப் பூட்டினேன்.

டுக்...

உள்ளேயிருந்து.

டுக்... டுக்...

மாரி திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

ரிசல்ட் வந்து மாரி பாஸானதும், பக்கத்துச் சுள்ளிக்கல்லில் அவள் வீட்டுக்குப் போனேன். சாயா தந்த அவள் அம்மா சீனியம்மாள் சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். மாரியின் அப்பா ஒச்சப்பன்.

"அதே குடோன்தான் தம்பி. ஆறு வருசமாச்சு. மூட்டை சரிஞ்சு மேல விழுந்து உள்ள கெடந்தாக. சாயந்தரம் ஆள எண்ணுன மேஸ்திரி, எல்லாரும் வந்தாச்சுன்னு பூட்டிட்டுப் போயிட்டான். காலைல தொறந்தா, கதவுகிட்ட ஊந்து வந்து உசுரு போயிக் கெடந்தாக. ராப்பூரா தட்டியிருக்காக. நகமெல்லாம் ரத்தம்."

வாசல்வரை வந்த மாரியிடம் கேட்டேன்: "அன்னிக்கு உள்ள என்ன சொன்னே?"



"இன்னிக்கு மட்டும் என் பின்னாடி வராதேப்பான்னு சொன்னேன்."

அவர் வரவில்லை. மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டார்.

அப்புறம் கதவைப் பூட்டியது நான்.