கஞ்சியக்காவின் பன்னிரண்டு பிரெஞ்சு வாக்கியங்கள்

எங்கள் விடுதியின் அடித்தளத்தில், லாண்டிரி அறையில், பதினோரு வருடம் வெந்தவள் கஞ்சியக்கா. மேசைவிரிப்புகளுக்குக் கஞ்சி போடுவது அவள் வேலை. பேச்சிலும் அதே விறைப்பு என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆவியில் நின்று நின்று அவளுக்கு இளைப்பு வந்து, படியேறி வெளியே வருவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். மேலே அறைகளைச் சுத்தம் செய்கிற எனக்கு, அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

பிரெஞ்சுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வரப்போகிறார்கள் என்று மேனேஜர் ஒரு நாள் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். அதில் பன்னிரண்டு வாக்கியங்கள். வணக்கம், நன்றி, மன்னிக்கவும் வகையறா. மூன்றாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமை பரீட்சை, தேறுகிறவருக்கு அந்த இடம் என்றார். கஞ்சியக்கா ஒழுங்காக மூச்சுவிட அது ஒன்றுதான் வழி. நான் சொல்லித்தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மனப்பாடத்தில் குறை சொல்ல முடியாது. அரை நாளில் பன்னிரண்டையும் ஒப்பித்துவிட்டாள். தகராறு அதற்கப்புறம்தான்.

"இந்த 'பர்தோன்' எதுக்குடி?"

"மன்னிச்சுக்கங்கன்னு அர்த்தம்க்கா. ரூமுக்குள்ள ஆள் இருக்கும்போது போயிட்டா சொல்லணும்."

"கதவத் தட்டிட்டுத்தானே போறேன்? நான் என்ன தப்பு பண்ணேன் மன்னிப்பு கேக்க?"

அடுத்தது 'ஆன்ஷான்தே'. உங்களைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம் என்று பொருள்.

"முன்னப்பின்ன தெரியாதவங்களப் பாத்து எனக்கென்ன சந்தோஷம்? முதல்ல ஆளப் பாக்கறேன், பழகறேன். அப்புறம் சொல்றேன்."

"அக்கா, அவங்க ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிடுவாங்க!"

"அப்போ சொல்லாமலே விட்டுடறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டிலாவது பழகிப்பாருங்கள் என்று அனுப்பினேன். அன்று இரவு புருஷன் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும் 'மெர்ஸி' என்று நன்றி சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நன்றி என்ற வார்த்தையே கேட்காத மனுஷன் பதறிப்போய், "மாத்திரை போட்டியா?" என்று கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை வந்தது. துணி அடுக்கும் அறையில் மேனேஜர் கழுத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பிரெஞ்சு விருந்தாளி வேஷத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். கஞ்சியக்கா மேசையைத் தட்டி, "பொன்ஜூர், மெஸ்யே" என்று வணக்கம் வைத்தாள். சுத்தமாகத்தான் சொன்னாள். அடுத்து 'பர்தோன்' சொல்ல வேண்டிய இடம். இரண்டடி முன்னால் போய், மேனேஜரின் காலை நறுக்கென்று மிதித்தாள். அவர் அலறியதும், முகம் நிறைய வருத்தத்தோடு "பர்தோன்" என்றாள்.

"எதுக்கும்மா மிதிச்சீங்க?"

"சும்மா சொன்னா பொய்யாயிடும் சார்."

நம் காரியம் கெட்டது என்று நினைத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிக் கேள்விக்கு வந்தார். "சவா?" நலமா என்று அர்த்தம். 'சவா பியேன்', அதாவது நலம்தான், என்று சொன்னால் போதும். எல்லாம் அத்தோடு முடிந்துவிடும். கஞ்சியக்கா யோசித்தாள். பிறகு, "நோன்" என்றாள். இல்லை!

மேனேஜர் தாளை முன்னும் பின்னும் திருப்பினார். அப்படியொரு பதில் அதில் இல்லை.

"ஏம்மா, என்ன ஆச்சு?" தமிழுக்கே வந்துவிட்டார்.

"மூச்சு விட முடியல சார். பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் இங்க ஒருத்தர் எப்படியிருக்கேன்னு கேக்கறீங்க. கேட்ட பிறகு, நல்லாருக்கேன்னு எப்படிப் பொய் சொல்றது?"

அவர் கைக்குட்டையை அவிழ்த்தார்.

"மேல போங்க. ஒரு வாரம் பாக்கறேன். ஒரே ஒரு புகார் வந்தாலும் மறுபடி லாண்டிரிதான். ஆனா விருந்தாளிங்க யாராவது 'சவா'ன்னு கேட்டா, 'பியேன்'னு மட்டும் சொல்லிடுங்க தாயே."

மூன்றாம் நாள் காலை, கடைக்கோடி அறையில் தனியாகத் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சு அம்மாள், "பொன்ஜூர், சவா?" என்று கேட்டார். வராந்தாவில் நின்ற நான் காதைத் தீட்டிக்கொண்டேன். "சவா பியேன், மெர்ஸி" என்றாள் கஞ்சியக்கா. என் வயிற்றில் பால் வார்த்தாள். தாளில் இருந்தபடியே, "எ வூ?" என்று திருப்பியும் கேட்டாள். நீங்கள் எப்படி? "பியேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பெட்டியை மூடத் திரும்பினார்.

கஞ்சியக்கா நகரவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தபடி, மெதுவாக இன்னொரு தடவை கேட்டாள். "எ வூ?"

அந்த அம்மாள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம்! எங்கள் தாளில் இருந்த வார்த்தை ஒன்றுகூட அதில் வரவில்லை. இவளும் பக்கத்தில் உட்கார்ந்து "உம்... உம்... அடப்பாவமே" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குப் புது விருந்தாளிகள் வந்துவிடுவார்கள், இவள் பங்கில் ஏழு அறைகள் அலங்கோலமாகக் கிடந்தன. நான் வாசலில் நின்று கையை ஆட்டினால், ஈயை விரட்டுவது போல என்னை விரட்டினாள். அவள் ஏழு தலைமுறையையும் முணுமுணுவென்று திட்டிக்கொண்டே அந்த ஏழு அறைகளையும் நானே முடித்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. புகார் வராமல் காப்பாற்றியது நான்தான். அதனால்தான் அவள் இன்றும் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். இதை ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒருவழியாக அவள் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அப்படி என்னதான்க்கா சொன்னாங்க அவங்க?"

"எனக்கென்னடி தெரியும்? பிரெஞ்சுல பேசினாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்டி. அவங்களையும் ரொம்ப நாளா யாரும் கேக்கல போல."