முள் மெதுவான இடம்

அறுபதாயிரம் ரூபாய்க் கடனுக்கு மரக்காணத்தில் இருந்த எங்கள் உப்பளத்தை வட்டிக்காரர் காசிலிங்கத்திடம் அடகு வைத்திருந்தேன். அதை மீட்கத்தான் எண்ணெய்க் கிணற்றுக்குப் பம்ப் உதவியாளாகப் போனேன். என் படிப்பு மூன்றாம் வகுப்பு.

ஆழத்துப் பாறை பக்கவாட்டில் எவ்வளவு நெருக்கப்படுகிறது என்று பார்க்க, தண்ணீரை அழுத்தி அதில் விரிசல் உண்டாக்குவார்கள். பம்ப்பை நிறுத்தியதும் மீட்டர் முள் வேகமாக இறங்கும்; விரிசல் மூடும் நேரத்தில் மெதுவாகும், அந்த அழுத்தம்தான் கணக்கு. ஒரு நாள் சோதனைக்கு நடுவில், அதைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

"இருநூத்திப் பத்துனு எழுதிக்கங்க சார். வேகமா இறங்குன முள்ளு அங்கதான் மெதுவாச்சு" என்றேன்.

"உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார் இன்ஜினியர் பாலகுரு.

"உப்புத் தண்ணி எவ்வளவு கெட்டியாச்சுனு மானியில டிகிரி பாத்த கண்ணு சார். நீங்க கம்ப்யூட்டரைப் பாத்தீங்க, நான் முள்ளைப் பாத்தேன்."

மறு சோதனையிலும் இருநூற்றுப் பத்தே வந்தது. என்னை ஆபரேட்டர் ஆக்கினார்கள், சம்பளம் இரட்டிப்பானது. அதிலிருந்து எட்டாம் மாதம் மரக்காணம் வந்து, காசிலிங்கம் நீட்டிய உள்ளங்கையில் அறுபதாயிரத்தையும் எண்ணி வைத்தேன்.