இரண்டு படி இறக்கிய சுருதி

என் மாமா மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். முகூர்த்த நாட்களில் கீபோர்டு வாசித்தார். கம்பெனிக்குப் போகிறவன் கீபோர்டும் வாசிக்கிறான் என்பாள் அம்மா. கீபோர்டுக்காரன் கம்பெனிக்கும் போகிறான் என்று மாமா திருத்துவார். அக்காவும் தம்பியும் இந்த ஒரு விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அவருடைய இசைக்குழுவில் மூன்றே பேர். மாமா, ரிதம் பேட் தட்டுகிறவர், குழுவுக்குச் சொந்தக்காரரான பாடகர். பாடகருக்கு அறுபதை நெருங்கிய வயது. இருபதில் பாடிய அதே சுருதியில்தான் இன்றும் பாடுகிறேன் என்று மேடைக்கு மேடை பெருமையடித்துக்கொள்வார். உண்மையில், அவருக்கே தெரியாமல் மாமா கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை இரண்டு படி இறக்கி வைத்திருப்பார். திரையின் ஓரத்தில் மைனஸ் இரண்டு என்று சின்னதாகத் தெரியும்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்குப் பல்லடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாமா சாப்பிடப் போயிருந்தார். பட்டுப்பாவாடையோடு நான் கீபோர்டுக்குக் காவல். ஆறாம் வகுப்பில் அப்போதுதான் மைனஸ் எண்கள் நடத்தியிருந்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் நஷ்டம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். திரையில் மைனஸ் இரண்டைப் பார்த்ததும், மாமாவுக்கு நஷ்டம் வரக் கூடாதே என்று, பொத்தானைத் தேடிப் பிடித்துப் பூஜ்யமாக்கினேன்.

முன்னிசையிலேயே மாமாவின் முகம் மாறிவிட்டது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் பாடகர் பாட ஆரம்பித்துவிட்டார். சரணத்தில் மேலே ஏறிய குரல் உடைந்து பிசிறடித்தது. யாரோ சிரித்தார்கள். பாவம், பாடகர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா வாசிப்பதை நிறுத்திவிட்டு மைக்கை வாங்கினார்.

"மன்னிச்சுக்கோணுங்க. நாந்தான் கீபோர்டுல தப்பா வெச்சுப்போட்டனுங்க. அண்ணன் மேல தப்பில்லீங்க."

பாடகரின் முகத்தில் உயிர் வந்தது. மேடையிலேயே மாமாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். "இத்தன வருசம் வாசிச்சும் என்ற சுருதி உனக்குத் தெரியலயாப்பா?" அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆளை அழைத்துக்கொண்டார்.

மாமா கீபோர்டைப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாந்தான் மாத்துனேன்னு அவருகிட்டச் சொல்லிப்போடறேன் மாமா. உங்கள மறுபடியும் கூப்பிட்டுக்குவாரு."

"வேண்டாங் கண்ணு. நீ சொன்னீன்னா, மாத்தறதுக்கு முன்னால எத்தன இருந்துச்சுன்னு கேப்பாரு."

கேட்டால் சொல்லிவிட்டால் போகிறது, எனக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறதே என்று நினைத்தேன். இதற்குப் போய்ப் பயப்படுகிற மாமாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.