அந்தோனியாரின் மெழுகுதிரியும் என் கிற்றாரும்

குருநகரில் ஒரு தேவாலயப் பெருநாளுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்த அக்காவின் பெயரை நான் கேட்கவில்லை. கறுப்புச் சட்டை, தோளில் வயர்ச் சுருள், காதில் செருகிய ஸ்குறூட்றைவர். பாட்டுத் தொடங்கும் நேரத்தில் என் மின்கிற்றார் ஊமையாகிவிட்டது.

"உது கோயிலுக்குச் சரிவராது எண்டு அப்பவே சொன்னனான்" என்றார் ஆர்மோனியக்காரர், சந்தோஷமாக.

அக்கா கிற்றாரின் பற்றரியைக் கழற்றி நாக்கில் வைத்தார். எதைத் திருத்தினாலும் முதலில் அதுதானாம்.

"சுள்ளெண்டுது. பற்றரியிலை பிழையில்லை."

பிறகு வயர் செருகும் துளையைத் திறந்தார். அங்கே செருகினால்தான் பற்றரியே விழிக்கும். கடலின் உப்புக்காற்றில் பற்றரியின் கறுப்பு வயர் துளையின் முனையை விட்டுக் கழன்றிருந்தது. ஈயம் பற்றவைக்கும் கருவி கையில் இல்லை. கோயில் வளவிலிருந்த அந்தோனியார் சிலைக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரியில் ஸ்குறூட்றைவரைக் காய்ச்சினார்.

"அக்கா, அது ஆரோ நேர்த்திக்கு வைச்சது!"

"அவரும் பாட்டுக் கேக்கத்தானே நிக்கிறார்."

அதன் சூடு பட்டதும் பழைய ஈயம் இளகி வயரைப் பிடித்துக்கொண்டது. நான் தந்தியைத் தட்டினேன். வளவே அதிர்ந்தது. சனம் ஆரவாரித்தது. ஆர்மோனியக்காரரும் என் சுருதிக்கு வந்து சேர்ந்தார்.

நன்றி சொல்லத் திரும்பினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சிலையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்றார். இருவருக்கும் முன்பே பழக்கம் போலிருந்தது.