அன்னா கெல்லருக்குக் கிடைத்த பாராட்டு

நிருபமா பெங்களூரு தொம்மலூரில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் ஜெர்மன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் அவள் மொழிபெயர்த்த வாஷிங் மெஷின் கையேட்டை ஜெர்மன் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தியர் எழுதியது என்று படித்தவுடனே தெரிகிறதாம். துணி துவைக்கும் விளக்கத்தில் எந்த நாட்டு வாசனை வீசுமோ!

மேனேஜர் ராம்கி அலட்டிக்கொள்ளவில்லை. ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், மொழிபெயர்த்தவர் அன்னா கெல்லர் என்று கற்பனையாக ஒரு ஜெர்மன் பெயரைப் போட்டு அதையே மறுபடி அனுப்பினார்.

இன்று வாடிக்கையாளர் போன் செய்தார். அன்னாவாகப் பேச நிருபமாதான் உட்கார வேண்டியிருந்தது.

"தாய்மொழிக்காரர் எழுதினால் அந்த அழகே தனி, அன்னா. அந்த இந்தியப் பெண் செய்த பழைய கையேடுகளையும் நீங்களே திருத்திக் கொடுங்கள்."

முகம் எரிய, நன்றி சொல்லி போனை வைத்தாள்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் ராம்கிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "சூப்பர், நிருபமா! எதையும் தொடாத. எல்லாத்துலயும் உன் பேர எடுத்துட்டு அன்னா பேர போட்டுடு."

"அதையும் நானே செய்யணுமா, ராம்கி?"

"எல்லாம் ஜெர்மன்ல இருக்கேம்மா. இங்க உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?"