டயர் தட்டுகிறவர்

நாமக்கல்லில் எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை உண்டு. அங்கே நிற்கும் லாரியை விடிந்ததும் ஒருவர் சுற்றிவருவார். தடித்த உடம்பு, காக்கிச் சட்டை. இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். கையிலிருக்கும் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக் காற்றுப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் முதல் டயரிலிருந்து மறுபடி தொடங்குவார்.

காலை நடைக்குப் போகும் நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நின்று கேட்டேன். "ஏனுங்க, காத்து நிக்கறதில்லீங்களா?"

"காத்தெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. டாக்டரு என்னைய நடக்கச் சொல்லியிருக்காருங்க. வெறுங்கைய வீசிக்கிட்டு ரோட்டுல நடக்க ஒரு மாதிரியா இருக்குதுங்க."

நான் அவர் காலைப் பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

"சர்க்கரைங்க. ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. வயசெல்லாம் டிரைவர் சீட்டுலயே போயிருச்சுங்க. எறங்கி டயர் தட்டறது கிளீனர் வேலைன்னு உக்காந்தே இருந்துட்டனுங்க. எங்கூட வந்த கிளீனரு இன்னைக்கும் மூட்டை தூக்கறானுங்க."

குரலில் பொறாமை இல்லை. கம்பி அடுத்த டயருக்குப் போனது.

போன வாரம் லாரி லோடு ஏற்றப் போய்விட்டது. மனையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஆனாலும் அவர் வந்திருந்தார். லாரி நின்ற இடத்துக்குள் கால் வைக்காமல், அதே நீள அகலத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். டயர் இருந்திருக்க வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் கம்பி மேலே போய், சத்தமில்லாமல் இறங்கியது.