அடுப்படியான் கோயிலில் அப்பா தூங்கிய பகல்

அடுப்படியானை நான் இப்போதும் கும்பிடுவதில்லை. பிள்ளைகள் வற்புறுத்தினால் வாசல்வரை போய் நிற்பேன், அவ்வளவுதான்.

திருவாதவூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோயிலில் சிலை கிடையாது. ஓட்டுக் கொட்டகைக்குள் மூன்று கல், நடுவில் அணையாத தீ, அதுதான் சாமி. வீடில்லாதவர் யார் வந்தாலும் சாதி கேட்காமல் சுற்றிப் படுத்துக்கொள்ளலாம். பூசாரி ஆளுக்கொரு அகப்பை கஞ்சி ஊற்றுவார். ஒரே ஒரு கட்டுப்பாடு. உள்ளே சாவு விழுந்தால் தீயை அணைத்துவிடுவார்கள், எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் மறுபடி மூட்டுவார்கள். சாவு விழுந்த இடத்தில் அடுப்பு எரியக் கூடாதாம். நல்ல சட்டம், போங்கள்.

யுத்த காலத்து ஐப்பசியில் எங்கள் குடிசைச் சுவர் மழையில் கரைந்து விழுந்தது. பண்ணையார் மாட்டுத் தொழுவத்தில்கூட இடம் தரவில்லை. காய்ச்சலில் கிடந்த அப்பாவை அம்மா தோளில் தாங்கி நடத்திக்கொண்டு வந்தாள். பிறந்து சில நாளே ஆன தம்பியை நான் தூக்கிக்கொண்டேன். கோயிலுக்குள் நுழையும்போது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. தீப்பக்கம் கிடத்திய பிறகுதான் வாய் திறந்து அழுதான்.

விடிந்தபோது அப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தார். அம்மா அவர் நெற்றியில் கை வைத்தாள். எடுத்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தம்பியைப் பார்த்தாள். பிறகு துப்பட்டியை அப்பாவின் முகம்வரை இழுத்து மூடினாள்.

"ஒங்கய்யா தூங்குறாரு. எழுப்பிப்புடாத தாயி."

எனக்குப் புரிந்துவிட்டது.

பூசாரி கஞ்சியோடு வந்தார். அப்பா பக்கம் குனியப் போனவரைப் பக்கத்தில் படுத்திருந்த வளையல்காரி தடுத்தாள். முதல்நாள்தான் படுக்கிற இடத்துக்காக அம்மாவோடு மல்லுக்கு நின்றவள் அவள்.

"விடுங்கண்ணே. விடிய விடிய இருமுன மனுசன், இப்பத்தான் அசந்திருக்காரு."

அப்பாவுக்கு ஊற்றிய கஞ்சியையும் அம்மாவே குடித்தாள். தம்பிக்குப் பால் சுரக்க வேண்டுமே. இறந்தவரின் காலை நீட்டிவிட்டுப் பெருவிரல்களைக் கட்ட வேண்டும். கட்டினால் தெரிந்துவிடும். அதனால் கட்டவில்லை. "கொஞ்சூண்டு தண்ணி குடிக்கிறீகளா?" என்று பகலெல்லாம் அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். பாவி, எப்படித்தான் முடிந்ததோ.

பொழுது சாயும்போது மழை விட்டது. தம்பியின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள் அம்மா. கதகதப்பாக இருந்தது. அதன் பிறகே பூசாரியைக் கூப்பிட்டாள்.

"எப்பம்மா உசுரு போச்சு?"

"இப்பத்தான் சாமி."

"ஆமாண்ணே, இப்பத்தான்," என்றாள் வளையல்காரி.

பூசாரி அப்பாவின் காலை நீட்டப் பார்த்தார். நீளவில்லை. மறுபடி அழுத்தினார். கட்டையாக விறைத்திருந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் குடத்துத் தண்ணீரைத் தீயில் கவிழ்த்தார்.

அப்போதுதான் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த அப்பாவை அப்படியே தூக்கிப்போய், அப்படியே குழிக்குள் இறக்கினார்கள்.